'போனவில்லை' என்றா சொல்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை மாணவர் இணைப்பின் ஆங்கில இலக்கணப் பகுதியில், தமிழில் யோசிப்பதால்தான் பிள்ளைகளுக்கு வெர்ப் தப்பாக வருகிறது, தமிழை மறந்துவிட்டுப் படியுங்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

குடியாத்தத்தில் 22 வருஷமாக வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுக்கிறேன். தறி நெய்கிற, பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதாத பிள்ளை கிடையாது. டிட் வந்தால் வெர்ப் மாறாது என்று நானும் நூறு தடவை எழுத வைத்தவள்தான். மறுநாளே திரும்ப 'வென்ட்' வந்து நிற்கும். ஒருநாள் எட்டாவது படிக்கிற பெண்ணிடம், "நேற்று நீ போகவில்லை. அதை 'போனவில்லை' என்றா சொல்வாய்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "அப்போ டிட் நாட் கோ தானே மிஸ்?" என்று அவளே பென்சிலால் வென்ட்டை அடித்தாள். அப்புறம் அந்தத் தப்பு அவளுக்கு வரவில்லை.

தமிழ் இடறிவிடுகிற இடமும் உண்டு. 'பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஹேவ் லிவ்ட்' என்பார்கள். அதையும் தமிழைப் பக்கத்தில் வைத்தால்தானே காட்ட முடியும்? '2015-லிருந்து' என்றால் சின்ஸ், 'பத்து வருஷமாக' என்றால் ஃபார். இவ்வளவுதான் விஷயம்.

1999-ல் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி நேர்காணலில் 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்றேன். அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். உறவையும் உடைமையையும் சொல்கிற ஹேவ், ஐஎன்ஜி ஏற்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. போன வருஷம் நீங்களும் தமிழ்வழிப் பிள்ளைகளின் தவறுகளைக் கட்டம் கட்டி 'சிரிக்க' என்று போட்டீர்கள். அதற்கு முன்னால் 'ஹி டஸ்ன்ட் நோ' என்று வரவேண்டிய இடத்தில் 'ஹி டோன்ட் நோ' என்பதைச் சரியான விடையாக அச்சிட்டபோது கார்டு போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. என் திண்ணையில் நாலு பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. உங்களுக்குத் தெரியாததும் அல்ல. அடுத்த பாடத்திலிருந்து ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி தமிழ் போடுங்கள். விடைகளையும் தலைகீழாகப் பொடி எழுத்தில் போடாமல் நேராகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.