அடுத்த சந்திப்பில் கேமராவை அணைத்துவிட்டே பேசுவோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பருவத்து இணையவழிச் சந்திப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை ஒரு தாயிடம், "இவனை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டிய நிலைமை இல்லை" என்றார். அந்தத் தாயின் கைப்பேசியில் அப்போது சிக்னல் ஒரே கோடு. திரையில் ஆசிரியையின் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிட்டது. "கவலைப்பட வேண்டிய நிலைமை" வரை காதில் விழுந்தது, "இல்லை" விழவில்லை. மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே அந்தத் தாய் என் அறை வாசலில் நின்றார். இரவு தூங்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில்தான் வருகிறது. இணைப்பும் பார்த்துப் பார்த்து அங்கேயே அறுகிறது.

ஆகவே இந்தப் பருவத்திலிருந்து ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். சந்திப்புகள் ஜிட்சி என்ற மென்பொருளில் நடக்கும். 2003இல் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய பணி அது. இன்றும் திறந்த மூலமாகவே இருக்கிறது; நிரலை யாரும் படிக்கலாம், தம் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். எங்கள் கணினி ஆசிரியர் பள்ளியின் சர்வரிலேயே நிறுவிவிட்டார். நீங்கள் கணக்குத் தொடங்க வேண்டாம், கைப்பேசி எண்ணையும் கொடுக்க வேண்டாம். நாங்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டால் போதும்.

மென்பொருளை மாற்றினால் மட்டும் மோசமான நெட் சரியாகிவிடாது. பாரம் முழுவதும் படத்தில் இருக்கிறது. தெளிவான 720 வரிப் படம் நொடிக்குச் சுமார் 2 மெகாபிட் கேட்கும். பத்து நிமிடச் சந்திப்புக்கு 150 மெகாபைட். குரலோ ஓப்பஸ் என்ற முறையில் சுருங்கிப் போகிறது. நொடிக்கு 32 கிலோபிட் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும். அதே பத்து நிமிடத்துக்கு, குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்தின் உறையையும் முகவரியையும் சேர்த்தாலும், ஒரு திசைக்கு ஐந்து மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். எங்கள் ஆசிரியர்கள் தொடக்கத்தில் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிடுவார்கள். நீங்களும் அணைத்துவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

குரல் பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாகப் பயணம் செய்கிறது, அதாவது நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒன்றிரண்டு வழியில் தொலைந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். ஒரு பொட்டலத்திலேயே முந்தையதன் மங்கலான நகலையும் சேர்த்து அனுப்பும் வசதி ஓப்பஸில் உண்டு. காது பொறுக்காதது தாமதத்தைத்தான். ஒரு திசைக்கு 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக ஓடும். அது கூடக் கூட இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்போம். அதனால்தான் இந்த அழைப்புகள் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் யுடிபி வழியை விரும்புகின்றன. சில அலுவலக வைஃபைகள் அந்த வழியை அடைத்து வைத்திருக்கும். அப்போது அழைப்பு டிசிபி என்ற வேறு வழியில் சுற்றிப் போகும். அது தொலைந்த ஒவ்வொன்றும் மீண்டும் வந்து சேரும்வரை பின்னால் வருவதையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைக்கும். வேகமான அலுவலக நெட்டில் திக்கித் திணறும் பேச்சு, வெளியே வந்து கைப்பேசி டேட்டாவில் சரளமாக ஓடுவதன் ரகசியம் பல நேரம் இதுவே. அலுவலகத்திலிருந்து பேசுபவர்கள் நினைவில் வையுங்கள்.

இந்த அழைப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன, அதாவது வழியில் யாரும் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்புகின்றன. "மறையாக்கம் செய்தால் இருக்கிற நெட்டும் மந்தமாகாதா?" என்று ஒரு தந்தை கேட்டார். நல்ல கேள்வி. ஆகாது. பொட்டலத்துக்குச் சில பைட்டுகள் கூடும், அவ்வளவுதான். பூட்டுவதும் திறப்பதும் இன்றைய கைப்பேசிக்கு ஒரு வேலையே இல்லை.

பூட்டு எதுவரை என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரும் நீங்களும் என இருவர் மட்டும் பேசும்போது, முடிந்தவரை இரண்டு கருவிகளும் நேரடியாக இணையும். பூட்டு இப்படி இரண்டு கருவிகளுக்குள்ளேயே அமைந்துவிட்டால், இடையில் வேறொரு சர்வர் பொட்டலங்களைக் கைமாற்றி விட்டாலும், அதனால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாது. தாய் ஓரிடம், தந்தை ஓரிடம் என்று மூன்றாவது ஆள் சேர்ந்தால் கதை வேறு. பேச்சு எங்கள் சர்வர் வழியாகப் போகும். அங்கே ஒரு கணம் பூட்டுத் திறந்து மறுபடி பூட்டப்படும். சேமிக்கப்படாது. ஆனாலும் அந்தக் கணம் நடப்பது யாருடைய சர்வரில் என்பது முக்கியம் அல்லவா? சொந்த சர்வர் வைக்க நான் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். பிள்ளையின் உடல்நிலை, வீட்டுச் சூழல் என்று எத்தனையோ இந்தப் பத்து நிமிடத்தில் பேசுகிறோம்.

எந்தப் பூட்டும் வழியை மட்டுமே காக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதையும் திரையைப் பதிவுசெய்யும் கருவியையும் அது தடுக்காது. நாங்கள் பதிவு செய்வதில்லை. நீங்களும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்திப்பு இணைப்பில் உள்ள நீண்ட, பொருளற்ற பெயரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். "எட்டு ஆ பிரிவு" என்று வைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே ஊகித்து உள்ளே வந்துவிடுவார்கள். இணைப்பை வகுப்புக் குழுவில் பகிராதீர்கள். நீங்கள் வந்ததும் காத்திருப்பு அறையில் நிற்பீர்கள், ஆசிரியர் உள்ளே அழைப்பார்.

சந்திப்பு நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமலும் பெரிய கோப்பு எதையும் இறக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்குப் பக்கத்தில், இயர்போன் மாட்டி உட்காருங்கள். அப்படியும் மூன்று முறை அறுந்தால் விட்டுவிடுங்கள். வேறு நாள் நேரில் வரலாம், பள்ளி முடிந்த பிறகும் நான் இருப்பேன்.

இன்னொன்று. முக்கியமானதைச் சொன்னவுடன், "நான் என்ன சொன்னேன், ஒருமுறை சொல்லுங்கள்" என்று ஆசிரியர்கள் இனி உங்களிடம் கேட்பார்கள். பாடம் ஒப்பிக்கச் சொல்வதாக நினைத்துக் கோபப்படாதீர்கள். கடைசிச் சொல் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்