பிராண்டு சட்டைக்கு மூணு நாள் சண்டை, ஓசி பனியனுக்கு ஒரு கேள்வி இல்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு சார் எழுதிருந்தாரு, இந்தக் காலத்துப் பிள்ளைக கிழிஞ்ச பேன்ட்ட காசு குடுத்து வாங்குதுக, ரெண்டு ஆளு உள்ள போற மாதிரி சட்டை போடுதுக, பெத்தவங்க கண்டிக்கிறதே இல்லைன்னு. படிச்சிட்டு சிரிப்பும் வந்துச்சு கோவமும் வந்துச்சு. நான் மதுரை ஜெய்ஹிந்த்புரத்துல வீட்லயே மெஷின் போட்டு தைக்கிறேன், ஜாக்கெட், சுடிதார், பிக்கோ ஃபால்ஸ், அதோட ஆல்டரேஷன். பதினாறு வருசமா இந்த வேலைதான். பதினொண்ணாவது படிக்கிற மகன் ஒருத்தன், ஒம்பதாவது படிக்கிற மக ஒருத்தி. அதனால இந்த விசயத்துல பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தா நீங்க திருத்திப் போட்டுக்கங்க.

அந்த சார் சொல்ற மாதிரி பெத்தவங்க கண்டிக்காம எல்லாம் இல்லைங்க. கண்டிக்கிற சத்தம் என் வீட்டு வாசல்லதான் கேக்கும். ஒரு அஞ்சாறு வருசம் முன்னாடி வரைக்கும் பயலுக ஸ்கூல் யூனிஃபார்ம் பேன்ட்ட தூக்கிட்டு வருவானுக, அக்கா நேரோ பண்ணிக் குடுங்க, பென்சில் ஃபிட் ஆக்கிக் குடுங்கன்னு. கால் உள்ள நுழையாத அளவுக்குப் பிடிக்கச் சொல்லுவானுக, நானும் பிடிச்சுக் குடுத்து மிச்சத் துணிய வெட்டிருவேன். மறுநாள் அவங்க அப்பா வந்து நிப்பாரு, பிரிச்சு விடும்மா, வாத்தியார் வெளிய நிக்க வச்சுட்டாருன்னு. வெட்டுன துணிய எங்கருந்து கொண்டு வர்றது? இப்ப அப்படியே தலைகீழ். அதே மாதிரி பயலுக வந்து அக்கா லூஸ் பண்ணுங்க, பேகி ஆக்குங்கங்குறானுக. ரெடிமேட் பேன்ட்ல உள்ள அரை இஞ்சு துணி கூட விட்டுருக்க மாட்டான், நான் எதைப் பிரிச்சு எதை லூஸ் பண்ணுவேன். ஒருத்தன் ரெண்டு பக்கமும் பட்டி வச்சு தைக்கச் சொன்னான், வச்சுக் குடுத்தேன், அதுவே ஸ்டைலாப் போச்சு, அடுத்த வாரம் அவன் கூட்டாளிக மூணு பேர் வந்துட்டானுக.

எங்க அப்பா புது மண்டபத்துல மெஷின் போட்டுருந்தவரு. மீனாட்சி அம்மன் கோவில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்புல அந்தக் கல் தூணுகளுக்கு நடுவுல வரிசையா மெஷின் ஓடும், மதுரைக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. (இப்ப கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு, நல்லதுதான், ஆனா எனக்கு அந்தப் பக்கம் போனா நெஞ்சு ஒரு மாதிரி ஆயிரும்.) அழகர் திருவிழாவுக்கு வேஷ ட்ரெஸ், பிள்ளைகளுக்கு பாவாடை சட்டை இதெல்லாம் தைப்பாரு, தெரிஞ்சவங்க கேட்டா பேன்ட்டும் தைப்பாரு. பெல்பாட்டம் வந்த காலத்துல அப்பனும் மகனும் சேந்து வருவாங்களாம், மகன் இருபத்தினாலு இஞ்சு பாட்டம் கேப்பானாம், அப்பன் தெருக்கூட்ட தனியா ஒரு வெளக்குமாறு எதுக்குடா இந்த பேன்டே போதும்னு சண்டை போடுவாராம். எங்க அப்பா ரெண்டு பேரையும் பாத்து இருபதுல வெட்டிக் குடுத்துருவாராம். அந்த மகன்கதான் இன்னைக்கு தாத்தாவாகி பேரன் பேன்ட்டப் பாத்து தலையில அடிச்சுக்குறாங்க. அதனால ஃபேஷன் மாறுறதப் பத்தி எனக்குப் பெருசா பயம் கெடையாது, அது ஓடுற வண்டி, நம்ம நிக்கச் சொன்னா நிக்காது.

ஆனா ஒண்ணு, எங்க அப்பா காலத்துல பிள்ளைக கேட்டது ஷேப்புதான். இப்ப கேக்குறது பேரு. மார்புல சின்னதா முதலை இருக்கா, குதிரை இருக்கா, பாயிற பூனை இருக்கா, அதுதான் பேச்சே. போன வருசம் ஒரு பய வந்தான், எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி, அப்பா கிடையாது, அம்மா வீட்டு வேலைக்குப் போறா. கையில ஒரு பழைய சட்டையிலருந்து பிளேடால அறுத்து எடுத்த லேபிள் வச்சிருந்தான். அந்தப் பழைய சட்டை அவங்க அம்மா வேலை பாக்குற வீட்ல குடுத்தது, கிழிஞ்சு போச்சு, ஆனா லேபிள் மட்டும் நல்லா இருக்கு. விளக்குத்தூண் பிளாட்பாரத்துல எடுத்த புது சட்டை ஒண்ணக் குடுத்து, அக்கா இத இதுல வச்சுத் தச்சுக் குடுங்க, காலருக்கு உள்ள, பழைய தையல் மாதிரியே தெரியணும்னான். காலருக்கு உள்ள இருக்குறத யார்றா பாக்கப் போறான்னேன். பின்னாடி காலர இழுத்துப் பாப்பாய்ங்கக்கான்னான். எனக்குத் தொண்டைய அடச்சுக்கிருச்சு. தச்சுக் குடுத்தேன், காசு வாங்கல.

இதுல கூத்து என்னன்னா, எங்க சின்னம்மா மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கான். வெளிநாட்டு பிராண்டுக்கு இங்கதான் தைக்கிறது, தள்ளுபடி ஆன பீசு, மிஞ்சுன பீசெல்லாம் லேபிள வெட்டிட்டு சர்ப்ளஸ்னு மூட்டை மூட்டையா வெளிய வருது, அதுல ஒரு பங்கு நம்ம ஊரு பிளாட்பாரத்துக்கும் வருது. அதே துணி, அதே தையல், அந்த ரெண்டு இஞ்சு லேபிள் இல்லாததால விலை எங்கயோ கீழ கெடக்கு. இத என் மகன்ட்ட சொன்னா அவன் போன்ல பாத்துட்டு எனக்கே பாடம் எடுக்குறான், யம்மா அந்த நைக்கி ஷூவுல இருக்குற டிக் மார்க்க 1971ல ஒரு காலேஜ் புள்ள வரைஞ்சு குடுத்தாங்களாம், கூலி 35 டாலர்தானாம்னு. அப்புறமா அவங்களுக்கு கம்பெனி பங்கு குடுத்து மரியாதை பண்ணாங்களாம், அது வேற. இம்புட்டும் தெரிஞ்ச பய, சரி அப்ப பிளாட்பாரத்துல எடுக்கலாமான்னு கேட்டா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான். விவரம் தெரியறதுக்கும் ஆசைக்கும் சம்பந்தமே இல்ல போல, நமக்கு மட்டும் இருக்கா என்ன, நகைக் கடைக்குள்ள போனா.

இப்ப என் வீட்டுக் கதைக்கு வர்றேன். போன தீபாவளிக்கு மகன் ஒரு டி-சர்ட் கேட்டான், ஓவர்சைஸ், கருப்பு, முன்னாடி கம்பெனி பேரு மட்டும் எழுதிருக்கு, விலை 1,799. நான் ஒரு ஜாக்கெட் லைனிங் வச்சுத் தைக்கிற கூலியில கணக்குப் போட்டா எத்தன ராத்திரின்னு நீங்களே பாத்துக்கங்க. வீட்ல மூணு நாள் சண்டை. அவங்க அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு, டீசல் போக கையில நிக்கிறது எம்புட்டுன்னு அவருக்குத்தான் தெரியும், அந்த ஆத்திரத்துல ரெண்டு அறையும் விட்டுட்டாரு. கடைசில ஆஃபர்னு சொல்லி வேற கடையில 499க்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தோம், அவன் தீபாவளி அன்னைக்கு மட்டும் போட்டான். இந்த வருசம் இப்பவே ஆரம்பிச்சுட்டான், யம்மா 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலருந்து 2,500 ரூபா வரைக்கும் ட்ரெஸ்ஸுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்னாடி ஆயிரத்துக்கு மேல போனா 12ன்னு கணக்கு சொல்றான். செப்டம்பர் 22னு சொன்னதும் எனக்கு வேற ஞாபகம் வந்துச்சு, 1921ல அதே தேதியிலதான் காந்தி நம்ம மேலமாசி வீதி வீட்ல வச்சு மேல்சட்டைய விட்டுட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினாரு, ஸ்கூல்ல படிச்சது. அவர் செஞ்சதும் ஒரு ட்ரெஸ் விசயம்தானே, நான் யார் பக்கம் நிக்கிறேன்னு பாக்குறவன் கண்ணுக்குத் தெரியட்டும்னு செஞ்சது. துணிக்கு அந்த சக்தி இருக்குங்க. அதனாலதான் நான் அடுத்து சொல்லப் போற விசயத்துக்காக இந்த லெட்டரே எழுத உக்காந்தேன்.

(மகளப் பத்தி தனியா எழுத ஒண்ணுமில்ல. அவளுக்கு பிராண்டு பஞ்சாயத்து இல்ல, ஷால் பஞ்சாயத்து. மகன் ட்ரெஸ்ஸுக்கு பேசுறது விலை, மக ட்ரெஸ்ஸுக்கு பேசுறது ஊர் வாய். அத இன்னொரு நாள் எழுதுறேன்.)

தீபாவளி சண்டை முடிஞ்சு கொஞ்ச நாள்ல மகன் ஒரு பனியன் போட்டுட்டு வந்தான். புதுசு, பளபளன்னு ஒரு கலரு, முதுகுல ஒரு தலைவர் படம், கீழ வம்சம் அது இதுன்னு ரெண்டு வரி. கலர் என்னன்னு நான் எழுத மாட்டேன், எழுதுனா நம்ம பக்கத்து ஆளுகளுக்கு எந்த சாதின்னு ஒரு நொடியில தெரிஞ்சு போகும், எல்லா சாதிக்கும் ஒரு கலர் ஒரு பனியன் இருக்கு, ஒருத்தரும் இதுல குறைச்சல் இல்ல. யாருடா குடுத்தான்னேன். ஏரியா அண்ணன் எல்லாருக்கும் குடுத்தாரும்மா, விழாவுக்கு வேன்ல போறோம், சாப்பாடும் உண்டுன்னான். அவங்க அப்பா பனியனத் தடவிப் பாத்துட்டு, துணி நல்லாத்தான் இருக்கு, ஓசிதானே, போட்டுட்டுப் போகட்டும்னாரு. அம்புட்டுதான். 1,799க்கு மூணு நாள் சண்டை போட்ட வீட்ல இதுக்கு மூணு நிமிசம் கூட பேச்சு இல்ல.

நானும் யோக்கியம் இல்லைங்க. அதுக்கு முந்துன வாரம்தான் அதே பனியன் அஞ்சு என் மெஷினுக்கு வந்துச்சு, கை லூசா இருக்கு டைட் பண்ணிக் குடுங்கக்கான்னு. பீசுக்கு இருபது ரூபா, நூறு ரூபா வாங்கி முந்தானையில முடிஞ்சேன். கைய மட்டும் பாத்தேன், முதுகுல என்ன எழுதிருக்குன்னு படிக்கக் கூட இல்ல. அதே முதுகு என் வீட்டுக்குள்ள நடந்து வந்தப்பதான் படிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி அவன் வேன்ல போயிட்டு வர்ற வரைக்கும் தூங்கல. ஒண்ணும் ஆகல, பிரியாணி சாப்பிட்டு தொண்ட கட்டி வந்து சேந்தான். ஆனா மறுவாரம் கூடவே படிக்கிற ஒரு பய, ரெண்டு வருசமா எங்க வீட்ல வந்து சாப்பிட்டுட்டுப் போறவன், வர்றத நிறுத்திட்டான். ஏன்டான்னு மகன்ட்ட கேட்டா, ஸ்டேட்டஸ்ல போட்டோ வச்சேன், அதுலருந்து பேச மாட்டேங்குறாங்குறான். அந்தப் பய வேற கலரு.

நாங்குநேரியில 2023 ஆகஸ்ட்ல நடந்தத யாரும் மறந்துருக்க மாட்டீங்க, பன்னெண்டாவது படிக்கிற பையன கூடப் படிச்ச பயலுகளே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டுனானுக, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் அரசாங்கம் நீதிபதி சந்துரு அய்யாவ வச்சு ஒரு கமிட்டி போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. ஸ்கூல்ல கையில கலர் கயிறு கட்டக் கூடாது, சாதி காட்டுற மோதிரம், நெத்திப் பொட்டு கூடாதுன்னு அதுல இருந்துச்சு. அதுக்கு எம்புட்டு எதிர்ப்பு வந்துச்சுன்னும் பாத்தோம். காமராஜர் காலத்துல ஸ்கூல் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் கொண்டு வந்ததே பணக்காரப் பிள்ளை ஏழைப் பிள்ளை வித்தியாசம் துணியில தெரியக் கூடாதுன்னுதான். இன்னைக்கும் அரசாங்கம் எட்டாவது வரைக்கும் சத்துணவு சாப்பிடுற பிள்ளைகளுக்கு வருசம் நாலு செட்டு குடுக்குது, நம்ம சனத்துக்கு அது பெரிய உபகாரம். ஸ்கூல் விட்டு வெளிய வந்ததும் அந்த யூனிஃபார்ம கழட்டிட்டு தெருவுல இன்னொரு யூனிஃபார்ம் மாட்டி விடுறாங்க, அதுவும் ஓசியில.

எனக்கு இப்பத் தோணுறது இதுதான். என் மகன் அந்த 1,799 ரூபா சட்டைய கேட்டது வீண் பெருமைக்குன்னே வச்சுக்குவோம். ஆனா அந்த சட்டைய அவன் கூட்டாளிக எல்லாரும் கேக்குறானுக, எல்லா கலர் வீட்டுப் பயலுகளும். காசு இருந்தா எவன் வேணா போடலாம். நான் திட்டுனா அது காசுக்காக, மானத்துக்காக, தீந்துரும். ஓசி பனியன அப்படி எவன் வேணா போட முடியுமா? அதுக்கு எந்த வீட்ல பொறந்தேன்னு கேப்பான். நம்ம பெத்தவங்க விலை அட்டையப் பாத்துத்தான் கத்துறோம், விலை அட்டை இல்லாத துணிய மடிச்சு பீரோவுல வைக்கிறோம். அந்த கிழிஞ்ச பேன்ட் சார்ட்டயும் இததான் கேக்க நெனச்சேன், உங்க பேரன் முதுகுல என்ன எழுதிருக்குன்னு பாத்தீங்களா சார்?

ஸ்கூல்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. பொறந்த நாளுக்கும் ஆண்டு விழாவுக்கும் கலர் ட்ரெஸ் போடலாம்னு விடுறீங்க, சந்தோசம், பிள்ளைக ஆசைக்குப் போடட்டும். அந்த நாள்ல சட்டை விலையால அழுகுற பிள்ளையும் இருக்கு, சட்டை படத்தால மொறைக்கிற பிள்ளையும் இருக்கு. கேட்ல நிக்கிற சார் முடி வெட்டிருக்கானா, பேன்ட் டைட்டான்னு பாக்குற அதே கண்ணால இதையும் பாக்கலாம்.

அந்த பனியன நான் என்ன செஞ்சேன்னு கேப்பீங்க. கிழிச்சு மெஷின் தொடைக்கலாம்னு நெனச்சேன், மனசு வரல, அந்தத் தலைவர் நல்லவரு, எங்க அப்பாவே அவரப் பத்தி உசத்தியாப் பேசுவாரு, அவர் என்ன பாவம் பண்ணாரு. டிரங்க் பொட்டில அடியில வச்சிருக்கேன். வாசல்ல அளவு எழுதுற சிலேட்டுல குரூப் பனியன் ஆல்டர் பண்றதில்லைன்னு சாக்பீஸ்ல எழுதிப் போட்டுட்டேன். வீட்டுக்காரரு வருற கஸ்டமர எதுக்கு வெரட்டுற, ஏரியாவுல பேச்சாயிரும்னு பயப்படுறாரு. முந்தா நேத்து ஒரு பய வந்து படிச்சிட்டு, ஏங்க்கா, நீங்க அந்த ஆளுகளான்னு கேட்டான். நான் தையல்காரின்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான், பனியன் கையிலயே இருந்துச்சு. வேற கடையில குடுத்துருப்பான்.

மகன் போன வாரம் பொட்டி சாவி எங்கம்மான்னு கேட்டான். எதுக்குன்னு கேட்டதுக்கு சும்மாங்குறான். 1,799 பேச்ச நானே மறுபடி எடுத்தேன், பாதி காசு நான் போடுறேன், மீதிக்கு லீவுல எனக்கு காஜா, அதான் பட்டன் ஓட்டை, அடிச்சுக் குடுன்னு. யோசிச்சு சொல்றேன்னுருக்கான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
ஜெய்ஹிந்த்புரம், மதுரை.