அப்பாவின் காலைத் தொட்டவர்களுக்கு

வேலூர் பக்கத்தில் இருக்கும் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறை சிஸ்டர்களுக்கும், செருப்புப் பிரிவு அண்ணனுக்கும், எங்கள் தெருக்கோடி சர்ச்சின் அம்மாக்களுக்கும், எங்களை முதன்முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போன பெரியவருக்கும் குடியாத்தத்திலிருந்து வணக்கம்.

அப்பாவுக்குத் தொழுநோய் மருந்து முடிந்துவிட்டது. உள்ளங்கால் புண் ஆறி, மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார். உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்லியிருக்கலாம். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னது அப்பாதான். "வியாதி பேரைச் சொல்லியே எழுது. மறைச்சு எழுதினா அவங்க செஞ்சது பாதிதான் தெரியும்" என்றார்.

பெரியவர் ஐயா, நீங்கள் தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியும் கையில் பைபிளுமாகப் போவீர்கள், அவ்வளவுதான் தெரியும். டீக்கடையில் அப்பாவின் காதுமடல் தடித்திருப்பதைக் கவனித்தும், நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தீர்கள். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, முதுகில் இருந்த தேமல் மேல் பேனா முனையால் மெல்லத் தொட்டு, "எங்க தொட்டேன், விரலால காட்டுங்க" என்றீர்கள். சுற்றியிருந்த இடத்தைச் சரியாகக் காட்டினார். தேமலைத் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அதுவரை படர்தாமரை என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். காட்டிய டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

காலும் அப்படித்தான். தறியின் மிதிகட்டையில் சிலாம்பு எழுந்து நாள்கணக்கில் குத்தியிருக்கிறது. அப்பாவுக்கு உணர்ச்சியில்லை. தரையில் ரத்தத் தடம் பார்த்து அம்மாதான் கத்தினாள்.

சிஸ்டர், நீங்கள் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்த விதம் எனக்கு மறக்காது. நாற்றம் வந்துகொண்டிருந்தது. முகம் சுளிக்காமல் புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பை நிதானமாகச் சீவி எடுத்தீர்கள். விரலெல்லாம் உதிர்ந்துவிடுமா என்று அப்பா கேட்டதற்கு, நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாததால் நாமே அடிபட விட்டுவிடுகிறோம், அதில்தான் விரல் போகிறது என்று விளக்கினீர்கள். இதை உலகத்துக்குப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட் என்றும், 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர் என்றும் சொன்னீர்கள். 1947-ல் அவர் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒருவரின் கையைக் குலுக்கியிருக்கிறார். பிடி இரும்பு மாதிரி இருந்ததாம். அப்படியானால் தசை சாகவில்லை, இந்தக் கையைச் சரிசெய்ய முடியும் என்று அந்த இடத்திலேயே அவருக்குத் தோன்றியிருக்கிறது. வேலூரில் அவர் செய்த கை அறுவைச் சிகிச்சைகளுக்கெல்லாம் அந்தக் கைகுலுக்கல்தான் தொடக்கம். "நம்ம கொல்லிமலைக்காரரா!" என்று அப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

புண் ஆறுவதற்காகக் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்த பிறகு செருப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அண்ணே, நீங்கள் தரையில் உட்கார்ந்து, காகிதத்தின் மேல் அப்பாவின் காலை உங்கள் கையாலேயே வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தீர்கள். எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் உள்ளே மெத்தென்று இருக்கும், அடியில் முள் ஏறாது, ஆணியே அடிக்காமல் ஒட்டியிருக்கிறோம், குதிகால் பட்டை இல்லாவிட்டால் கழன்று விழுவதுகூட இவருக்குத் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். போட்டுப் பார்த்து ஒரு இடம் அழுத்துகிறதென்று நீங்களே கழற்றித் திரும்பச் செதுக்கினீர்கள். எங்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மருந்தில் அப்பாவின் முகம் கறுத்ததும் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. நூல் கொண்டுவருகிறவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது என்று எத்தனை சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் சர்ச் அம்மாக்கள் வந்தீர்கள். ஜெபம் பண்ணட்டுமா என்று அப்பாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே ஜெபித்தீர்கள். அப்புறம் அவர் கையால் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்தீர்கள். ஒரு அம்மா, "இன்னும் அரை டம்ளர் இருக்கா அண்ணே?" என்று கேட்டார். அன்றைக்கு அப்பா உள்ளே போய் வெகுநேரம் அழுதார்.

மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் முருகன் படம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி உங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஏன் இப்படிக் கையால் தொட்டுச் செய்கிறீர்கள் என்று நான்தான் சிஸ்டரிடம் கேட்டேன். "எங்க ஆண்டவர் தொட்டாரே" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து மத்தேயு 8-ம் அதிகாரம் படித்தேன். தொழுநோயாளி ஒருவரை இயேசு கை நீட்டித் தொட்டுக் குணமாக்குகிறார். அடுத்து வரும் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனையோ பார்க்காமலே, ஒரு சொல்லில் குணமாக்கிவிடுகிறார். சொல்லே போதும் என்றால் இவரை எதற்குத் தொட வேண்டும்? இவருக்குத் தொடுதல்தான் வேண்டியிருந்தது என்று எனக்குப் பட்டது. அதைப் படிப்பதற்கு முன்பே உங்களிடம் பார்த்துவிட்டேன்.

இப்போது தினமும் அப்பாவின் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முதலில் எனக்குக் கூச்சம் இருந்தது. உங்களைப் பார்த்துத்தான் போயிற்று.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் ஒளிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். அப்பா மாதிரி முற்றியவர்களுக்கே 12 மாதம்தான்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஆராதனை முடிந்த பிறகு, எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட வர வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொள்கிறார். செருப்புப் பிரிவு அண்ணனுக்கு ஒரு கைலி நெய்யப் போகிறாராம். என்ன நிறம் பிடிக்கும் என்று சொல்லி அனுப்புங்கள் அண்ணே.

இப்படிக்கு,
நெசவாளியின் மகள்