எங்கள் மகனின் கண்ணைக் கவனித்த எல்லோருக்கும் நன்றி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பம் எழுதும் மடல் இது. பெயர்களைப் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி பலதுறை மருந்தகத் தாதிக்கு. தடுப்பூசி போடப் போன இடத்தில் மகனின் இடது கண் சற்றே உள்பக்கம் சாய்வதை அவர்தான் கவனித்தார். மாறுகண் அதிர்ஷ்டம் என்று உறவில் பலரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் அப்படி விட்டுவிடவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் மறைத்தார். பிள்ளை தன்பாட்டுக்கு விளையாடினான். வலது கண்ணை மறைத்ததும் கையைத் தட்டிவிட்டு அழுதான். இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தந்தார்.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, இடது பார்வை நரம்பு பிறவியிலேயே சிறுத்திருக்கிறது என்றார். ஆனால் அந்த நரம்பு வழியாக எவ்வளவு செய்தி மூளைக்குப் போகிறது? எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்லும் வயதா அவனுக்கு! அதற்குத்தான் விஇபி (Visual Evoked Potential) எனும் பரிசோதனை. கண் பார்ப்பது பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதிக்குப் போய்ச் சேருகிறதா, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலுவாக என்பதை மூளையின் மின்னலைகளே காட்டிவிடும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் ஒரு தமிழ்த் தாதி தொலைபேசியில் அழைத்து, “தலைக்கு எண்ணெய் வைக்காதீங்கம்மா, மின்முனை ஒட்டாது” என்றார். என் மாமியாரிடமும் பேசி, ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். அன்றிரவு அத்தை நிம்மதியாகத் தூங்கினார்.

பரிசோதனை செய்த தொழில்நுட்பரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. மகன் என் மடியில். பின்தலையிலும் நெற்றிக்கு மேலும் பசை தடவிச் சின்ன மின்முனைகளை ஒட்டினார். ஒரு கண்ணை மூடி, கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் மாறி மாறி இடம் மாறும் திரையைக் காட்டினார். மூளை தரும் பதில் சில மைக்ரோவோல்ட்தான். மற்ற மின்னலைகளுக்கு நடுவே அது தெரியவே தெரியாது. அதனால் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து சராசரி எடுக்க வேண்டும். அவன் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டு, திரைக்கு முன்னால் ஒரு மணியை ஆட்டி அவன் பார்வையைத் திருப்பிக் கொண்டுவந்தார். நடுவில் பால் கொடுக்க நேரம் விட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் பசையைத் துடைத்து, தலையும் சீவிவிட்டார்.

பெரியவர்களுக்கு ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் எழும் அலை, பிறந்த சில மாதங்கள்வரை தாமதமாகத்தான் வரும். அதனால் அதே வயதுப் பிள்ளைகளின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். வலது கண் சரியாக இருந்தது. இடது கண்ணின் அலை சிறியது, தாமதமானது, ஆனால் இருந்தது. பாதை முழுக்க அடைபடவில்லை என்றார். அதே மூச்சில், அவன் எவ்வளவு தெளிவாகப் பார்ப்பான் என்பதை இந்தப் பரிசோதனை மட்டும் சொல்லிவிடாது என்றும் சொன்னார். பொய்யான நம்பிக்கை தராத அந்த நேர்மைக்குத் தனியாக நன்றி. இந்தக் குறை உள்ள சில குழந்தைகளுக்கு மூளையிலும் ஹார்மோனிலும் பிரச்சினை இருக்கலாம் என்பதால் எம்ஆர்ஐயும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் நன்றாக வந்தன.

செலவுக்கு வழிகாட்டிய மருத்துவ சமூக ஊழியருக்கும், மருத்துவமனை நாள்களில் மூத்தவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறூட்டிய எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக்குக்கும் நன்றி.

அப்புறம், பாலர் பராமரிப்பு நிலைய ஆசிரியைகள். இடது கண்ணுக்கு வேலை கொடுக்க, தினமும் கொஞ்ச நேரம் வலது கண்ணில் ஒட்டுத்துணி ஒட்ட வேண்டும். அவன் பிய்த்துப் போடுவான். அவர்கள் திரும்ப ஒட்டிவிட்டு, இடது கண்ணுக்குத் தெரியும்படி பெரிய சிவப்புப் பந்தை உருட்டி விளையாட்டுக் காட்டுகிறார்கள். இப்போது அந்தப் பந்தை அவனே துரத்திப் பிடிக்கிறான்.

நன்றியுடன்,
ஓர் அம்மா, உட்லண்ட்ஸ்