பெரிய பிரேக் கிட் வேண்டாம், சேகர்

சென்னை
மாசி 5

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் காருக்கு. கடைசி மூன்று வரியில், போகிற போக்கில், கவிதாவுக்கு வரன் முடிந்துவிட்டது என்று செய்தி! உன் வீட்டம்மா இதைப் படித்திருந்தால் கார்ச் சாவி இந்நேரம் கிணற்றுக்குள் கிடந்திருக்கும். குழந்தைக்கு என் வாழ்த்தைச் சொல். தேதி குறித்ததும் எனக்குத் தெரியப்படுத்து. அந்த வாரம் வேறு எந்த வேலைக்கும் தலையாட்ட மாட்டேன்.

இங்கே அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம் வரை வாசிக்கிறார், அதுவும் சத்தமாக. சின்னவன் வேலை மாறி புனேக்குப் போய்விட்டான். எனக்கு முழங்கால் வலி. கிளட்ச் மிதிக்க முடிகிறது, அதுவரைக்கும் சரி.

இனி உன் போர்ஷே கேமன் கார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் பெரிய பிரேக் கிட் (பெரிய டிஸ்க், அதை உரசும் பேட்டை அமுக்குகிற பெரிய கேலிப்பர்) மாட்டட்டுமா, டயரையும் டிராக்குக்கான கப் 2-க்கு மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் சொன்ன விலையைப் பார்த்தேன். கல்யாணச் செலவு இருக்கிற வருஷத்தில் செய்கிற காரியமா இது? பெரிய கேலிப்பர் மாட்டினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கடைசியில் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானம்தான். இப்போதுள்ள பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கும் வரை டயரைக் கொண்டுபோகிறது என்றால், அதற்கு மேல் கேலிப்பர் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? பெரிய டிஸ்க்கால் கிடைப்பது சூடு தாங்கும் திறன். அது தேவைப்படும் நாள் வரும், நீ ஒரு லேப்பை (டிராக்கில் ஒரு சுற்று) இன்னும் பல நொடி வேகமாக ஓட்டப் பழகிய பிறகு. முன்சக்கரத்துக்கு மட்டும் மாட்டினால் முன்னும் பின்னும் பிரேக் பங்கிடும் விகிதமும் குழம்பும்.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. ஹாஸ்டலில் எங்களுக்கெல்லாம் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன் நீ, சரிபார்த்துக்கொள். வண்டியும் நீயும் சேர்த்து 1,400 கிலோ என்று வைப்போம். 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72-க்கு இறக்கினால் ஏறக்குறைய 15 லட்சம் ஜூல் சூடாக மாறியாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மூன்று நான்கு நொடிக்குள் அவ்வளவும் நாலு டிஸ்க்குக்குள் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டில். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். உங்கள் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக் 2.1 கிலோமீட்டர்தான், வேகம் குறைவு. ஆனால் வளைவுகள் நெருக்கம், பிரேக் மூச்சுவிட நேரமில்லை. இங்கே 3.7 கிலோமீட்டரில் 12 வளைவு. வேகம் கூடுதல், நடுவில் காற்று வாங்கவும் கொஞ்சம் இடம் உண்டு.

ஆகவே முதல் செலவு பிரேக் ஆயில். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு 155 தாங்கினாலே போதும் என்கிறது அதே தரம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்! உன் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று பில்லில் பார். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். டப்பாவில் வெறும் டாட் 5 என்று போட்டிருந்தால் தொடாதே, அது சிலிகான் ஆயில், 5.1 என்பது வேறு.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் காலே சொல்லிவிடும். பெடல் பஞ்சு மாதிரி ஆகி, மிதிக்க மிதிக்க உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் கட்டிவிட்டது. உடனே இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துப் பெடலை மேலே கொண்டுவா, கியரைக் குறை, மெதுவாகப் பிட்டுக்கு (டிராக்கோரம் வண்டி நிறுத்துமிடம்) வா. பெடல் கல்லு போல நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் அது பேட் சூடேறிப் பிடி விட்டதால். அதற்கு ஒரு லேப் ஆற விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். முதலாவதற்கு அப்படியில்லை. அன்றைக்கு பிளீட் பண்ணாமல் (குழாயிலுள்ள குமிழை வெளியேற்றாமல்) மறுபடி உள்ளே போகக் கூடாது.

இரண்டாவது செலவு பேட். சாலைக்கான பேட் டிராக் சூட்டில் சீக்கிரம் கரையும். டிராக் பேட்டுக்கு அந்தச் சூடு பிடிக்கும், ஆனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது முதல் சிக்னலில் பிடிக்காது. கிறீச்சிடும், சக்கரமெல்லாம் கரி அப்பும். கல்யாணத்துக்கு நாலு பேர் வந்துபோகிற வீட்டு வாசலில் அந்தச் சத்தம் உனக்கு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை வாங்கு. அரைவாசிக்குக் கீழே தேய்ந்த பேட்டோடு டிராக்குக்கு வராதே. பேட் மெலிந்தால் சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போய்விடும். உள்பேட், வெளிப்பேட் இரண்டையும் பார்க்கச் சொல். சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேட் மட்டும்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று, பின்பிரேக். வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் முழுக்க வேலை செய்யும் நிலையில் நீ அவசரப்பட்டு ஓட்டினால், அது உனக்குத் தெரியாமலே ஒவ்வொரு வளைவிலும் ஏதாவதொரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பின்பேட் முன்பேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் காரணம் அதுதான். அதற்காக அணைத்துவிடாதே, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். டாஷ்போர்டில் அதன் விளக்கு மின்னாத அளவுக்கு ஓட்டு.

இனி காலுக்கு வருவோம், காசு நிஜமாக மிச்சமாவது அங்கேதான். நீ ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கிப் பழகியவன். மலையில் பிரேக்கை மெல்ல மெல்ல, நெடுநேரம் தொட்டுக்கொண்டே இறங்குகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. கீழே வருவதற்குள் கருகல் வாடை வரும். டிராக்கில் நேர்ரோட்டிலேயே அழுத்தமாக, சுருக்கமாகப் பிடி. பிறகு விடு. விடுவதுதான் வித்தை. சட்டென்று காலை எடுத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், முன் டயர் மேலிருந்த பாரம் போய்விடும். ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவாய், டயர் பிடிக்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். ஒரு வளைவில் அப்படி உரசினால் போகிற ரப்பர், பத்து வளைவில் ஒழுங்காகத் திரும்பினாலும் போகாது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குப் பிரேக்கைத் தளர்த்தினால், எஞ்சின் நடுவில் உள்ள உன் வண்டி தானாக உள்ளே திரும்பும். பிரேக்கும் டயரும் தனித்தனிச் சங்கதி என்று நினைத்துச் செலவு பண்ணுகிறவர்கள்தான் இரண்டையும் அடிக்கடி வாங்குகிறார்கள்.

அதனால்தான் கப் 2-ம் இப்போது வேண்டாம் என்றேன். உன்னிடம் உள்ள பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்குத் தேய்மான எண் 300, கப் 2-க்கு 180. எண் குறைந்தால் சீக்கிரம் தேயும் என்பது ஒரு பக்கம். பிடி அதிகம் என்பதால் நீ இன்னும் தாமதமாக, இன்னும் அழுத்தமாகப் பிரேக் பிடிப்பாய், அந்தச் சூட்டுக்கு மறுபடி பிரேக் செலவு. சாலை டயர் வாய் பேசும். மெல்லிய முனகல் கேட்டால் சரியாக ஓட்டுகிறாய். அலறினால் அதிகம் கேட்கிறாய். அந்தப் பாஷையை முதலில் கற்றுக்கொள்.

காற்று விஷயம். டயருக்குள் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் 27 வைத்துவிட்டுப் போனால், ஓடி வந்தபின் 33-ஐத் தொடும்; அங்கே இருந்தால் நல்லது. 38, 39 என்று வந்தால் டயர் நடுவில் உப்பி, மேலே வழுக்க ஆரம்பிக்கும். வலஞ்சுழியாக ஓடுகிற டிராக்கில் இடப்பக்கம்தான் அதிகம் சூடாகும், ஆகவே நாலையும் தனித்தனியாகப் பார். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதே, சொந்தமாக ஒரு நல்ல மீட்டர் வாங்கு. உள்ளே போவதற்கு முன் டயரின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. வந்ததும் கோடு எங்கே வரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், காற்று குறைவா கூடவா என்று தெரிந்துவிடும். கையால் தடவியும் பார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் ரம்பம் போலச் சொரசொரப்பு என்றால் வெளித்தோள் உரசி இழுபடுகிறது. அலைன்மென்ட் கடையில் கம்பெனி அனுமதிக்கிற அளவுக்கு முன்சக்கர நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) கூட்டச் சொல், கொஞ்சம் சமாதானமாகும். வீட்டுக்குக் கிளம்புமுன் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும், ஆறிய டயரில் குறைந்த காற்றோடு பெங்களூர் ஹைவேயில் ஏறாதே.

டயர் என்றதும் நம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நாராயண் கார்த்திகேயன் ஞாபகம். 2005 இண்டியானாபோலிஸ், அமெரிக்க கிராண்ட் பிரி ரேஸ். அந்த வருஷம் ரேஸ் நடுவில் டயர் மாற்ற விடவில்லை. சரிவான கடைசி வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 வண்டிகளும் ரேஸ் தொடங்குமுன் சுற்றும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் பிட்டுக்குள் போய்விட்டன. ஓடியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே ஆறு. நாராயண் நாலாவது. ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்த அஞ்சு பாயிண்டும் அன்றைக்கு வந்ததுதான். அதிர்ஷ்டம் என்கிறார்கள். முழுத்தூரமும் அதே டயரில் ஓட்டி முடித்ததை யாரும் சொல்வதில்லை.

வெளியே வருவதற்கு முன் கடைசி லேப்பை ஆறவிடும் லேப்பாக வைத்துக்கொள். பிரேக்கைத் தொடாமலே ஓட்டப் பார். வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதே, பெடலிலும் கால் வைத்துக்கொண்டு நிற்காதே. கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வை. சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் அங்கே படலம் படிந்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி மெக்கானிக் புது டிஸ்க் விற்பார். இங்கே ஒருவர் அப்படி என் தலையில் கட்டப் பார்த்தார். வேறிடத்தில் பேட்டை மறுபடி பெட்-இன் பண்ணியதும் (சூடேற்றி டிஸ்க்கில் சீராகப் படிய வைத்ததும்) நடுக்கம் போயேபோய்விட்டது.

சோழவரம் ஓடுதளத்தில் வெயிலில் நின்று நாம் ரேஸ் பார்த்த காலத்தில், இப்படி நம் சொந்த வண்டியில் சுற்றுவோம் என்று யார் நினைத்தது! 1990-ல் இருங்காட்டுக்கோட்டை திறந்தபோதும் பார்க்கப் போகத்தான் முடிந்தது.

சித்திரை வெயிலுக்கு முன்னால், பங்குனியில் ஒரு சனிக்கிழமை வா. ஓட்டல் ரூம் போடாதே, வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. டிக்கியில் ஒரு செட் பேட், ஒரு பாட்டில் பிரேக் ஆயில், டார்க் ரெஞ்ச், காற்று பம்ப் போட்டுக்கொண்டு வா. அதற்கு முன் இரண்டு விவரம் எழுது: நாலு சக்கரத்திலும் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், டயர் பக்கவாட்டில் தயாரிப்பு வாரமும் வருஷமுமாக இருக்கும் அந்த நாலு எண் என்ன. டயருக்கு ஆறு வயசு தாண்டியிருந்தால் மட்டும் புதுசு வாங்கு, அதே 4எஸ்.

அன்புடன்,
ரவி