பெரியம்மாவோட ஓலைப்பெட்டியும் என் நாலு வருஷப் படிப்பும்

எங்க ஊர்க்காரங்க, சொந்தபந்தம், ஏர்வாடி கீழக்கரைல இருக்குற லாத்தாமாருங்க (ஓலை பின்னுற முஸ்லிம் அக்காமாருங்க), எமனேஸ்வரத்து தறிக்கார அண்ணன், எல்லாருக்கும் வணக்கம். பி.எஃப்.ஏ, அதாவது கவின் கலைப் பட்டப்படிப்பு, முடிச்சுட்டேங்க. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, டெக்ஸ்டைல் டிசைன். பெரியம்மாவோட ஓலைப்பெட்டிப் பின்னல வச்சு டிசைன் போட்டு, கடைசி வருஷ டிஸ்ப்ளேல வச்ச சேலைய போட்டோ எடுத்து ஊர் குரூப்ல போட்டேன்ல, அதுக்கு வந்த பதில் ஒவ்வொண்ணையும் உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல படிக்கிறப்போ கண்ணுல தண்ணி வந்துருச்சு. தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போக மனசு வரல, அதான் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல எங்க ஸ்கூல் டிராயிங் சார். பகுதி நேர வாத்தியார், வாரத்துல மூணு அரைநாள்தான் வருவாரு. அந்த அரைநாளுக்குள்ள அவர் எங்களுக்கு காட்டுனது கொஞ்சமில்ல. எட்டாவது படிக்கிறப்போ எங்க பத்துப் பேரை டவுன் பஸ்ல ராமநாதபுரம் கூட்டிட்டுப் போயி ராமலிங்க விலாசத்த காட்டுனாரு. சேதுபதி அரண்மனை, 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல வரைஞ்ச சுவர் ஓவியம், ஒரு பக்கம் மராட்டியரோட நடந்த சண்டை, ஒரு பக்கம் ராமாயணம். எல்லாரும் யானையையும் குதிரையையும் பாத்துட்டு இருந்தாங்க, நான் அந்தப் பொம்பளைங்க கட்டியிருக்குற துணிக் கரையவே பாத்துட்டு நின்னேன். சார் பக்கத்துல வந்து "அதைப் போடு நோட்டுல" அப்படின்னு மட்டும் சொன்னாரு. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு சார். இப்படி ஒரு காலேஜ் இருக்கு, அங்க துணிக்கு டிசைன் போடவே தனியா படிப்பு இருக்குன்னு எனக்கு முதல்ல சொன்னது நீங்கதான்.

பிளஸ் டூ முடிச்ச வருஷம் அப்பா போயிட்டிருந்தது விசைப்படகுல கூலிக்கு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில, வீட்டுல வருமானம் கிடையாது, அட்மிஷனுக்கு அலையுற நேரமும் அதுவேதான். படம் வரைஞ்சா சோறு கிடைக்குமான்னு கேட்டவங்களும் இருந்தாங்க, அவங்க மேல கோபம் இல்ல, பயத்துல கேட்டதுதான். அப்போ அம்மாகூட கடல்பாசி எடுக்கப் போற அக்காமாருங்க சீட்டுப் பணத்த எனக்குன்னு முதல்ல எடுத்துக் குடுத்தாங்க. அந்த மாசம் சீட்டு விழ வேண்டியது ஒரு அக்காவுக்கு, அவங்க வீட்டுக் கூரை ஒழுகிட்டு இருந்துச்சு, "பிள்ளை போகட்டும், மழைக்கு இன்னும் மாசம் கிடக்கு"ன்னு விட்டுக் குடுத்தாங்க. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு பாறையில முங்கி எடுக்குற பாசி காசு அது. அக்கா, உங்க பேர இங்க போட வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதனால போடல.

நுழைவுத் தேர்வுக்கு எழும்பூர்ல இறங்கி பெரியமேட்டுக்கு அப்பாவும் நானும் நடந்தே போனோம். வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். சிவப்புக் கட்டிடம், பெரிய பெரிய மரம், எங்க பாத்தாலும் பாதி செதுக்குன கல்லு. அப்பா வாசல்லயே நின்னுட்டாரு, செருப்பக் கழட்டணுமான்னு கேட்டாரு.

அந்த இடத்தோட கதைய நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுக்கிட்டேன், உங்களுக்கும் சொல்லணும், ஏன்னா இது நம்ம கதையும்தான். 1850-ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர், மெட்ராஸ்ல சர்ஜனா இருந்தவரு, தானா ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. அடுத்த வருஷமே கைத்தொழிலுக்குன்னு ஒரு பிரிவு சேத்தாரு, 1855-ல சர்க்கார் எடுத்துக்கிச்சு. பெரிய மனுஷங்க வீட்டு ஹால்ல மாட்டுற படத்துக்காக மட்டும் தொடங்குன இடம் இல்லங்க, களிமண் வேலை, மரத்துல செதுக்கு வேலைன்னு கைவேலைக்கும் சேத்துத் தொடங்குனது. 1884-ல ஹேவெல் தலைமைப் பொறுப்புக்கு வந்தாரு, இந்த நாட்டுக் கைவினைஞனோட வேலை எந்த நாட்டுக் கலைக்கும் குறைஞ்சதில்லன்னு வாதாடுன வெள்ளைக்காரரு. 1898-ல சாட்டர்டன்னு ஒரு இன்ஜினியர் அங்கதான் அலுமினியத்துல பாத்திரம் செஞ்சு பாக்க ஆரம்பிச்சாரு. இத கிளாஸ்ல கேட்டப்போ எனக்கு அம்மா ஞாபகம் வந்துருச்சு, விடிகாலையில கஞ்சி எடுத்துட்டு கடலுக்குப் போற அலுமினியத் தூக்குவாளி. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி சொன்னேன், நீ தூக்கிட்டுப் போற வாளியோட சாதிசனம் எங்க காலேஜ்ல பொறந்ததும்மான்னு. அம்மா ரொம்ப நேரம் பேசல.

1929-ல தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்புக்கு வந்தாரு, அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவுல நாலு பேரு பாறைய நெம்புற உழைப்பாளர் சிலை இருக்குல்ல, அது அவரு செஞ்சது. 1957-ல கே.சி.எஸ்.பணிக்கர் பிரின்சிபால் ஆனாரு. அவரும் அவரோட மாணவர்களும் சேந்து 1966-ல சோழமண்டல ஓவியர் கிராமத்த உருவாக்குனாங்க, கடற்கரையில, மணல்ல. இடம் வாங்க காசு எங்க இருந்து வந்துச்சுன்னா பாத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் போடுறது), கைவினைப் பொருள் இதெல்லாம் செஞ்சு வித்துதான். ஓவியம் விக்காத காலத்துல ஓவியனுக்கு நிலம் வாங்கிக் குடுத்தது துணி. டெக்ஸ்டைல் எடுத்ததுக்கு என்னைய குறைச்சலா பாத்தவங்ககிட்ட நான் இந்தக் கதையத்தான் சொல்லுவேன்.

இப்ப சேலைக்கு வரேன். கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு என்ன செய்யப் போறன்னு மேடம் கேட்டப்போ பதில் ரெடியா இருந்துச்சு, எங்க பெரியம்மா பின்னுற ஓலைப்பெட்டி. லீவுல ஊருக்கு வந்து பெரியம்மா திண்ணையில பத்து நாள், லாத்தாமாருங்க வீட்டுல ஒரு வாரம் உக்காந்தேன். குருத்தோலைய காய வச்சு, ஈர்க்கு எடுத்து, ஒரே அகலத்துல வகுந்து, சாயத்துல கொதிக்க வச்சு ரோஸ், பச்சை, ஊதான்னு எடுப்பாங்க. பின்னுறதுக்கு பேப்பர் கிடையாது, பென்சில் கிடையாது, வாய்க்குள்ள கணக்குதான், ரெண்டு தூக்கு ஒண்ணு அமுக்கு, ரெண்டு தூக்கு ஒண்ணு அமுக்கு. நடுவுல பேசுவாங்க, பேத்திய அதட்டுவாங்க, கணக்கு தப்பாது. எனக்கு மூணு நாள் ஆச்சு ஒரு மூலை திருப்பக் கத்துக்க.

இத தறிக்கு கொண்டு போறதுதான் கஷ்டம். பெட்டியில ஓலை சாய்வா போகும், மூலைக்கு மூலை. தறியில பாவு நேரா நிக்கும், ஊடை குறுக்க ஓடும். பெட்டியில வழுக்கிட்டு போற கோடு துணியில படிப்படியா ஏறும், அத கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா போட்டு, அதுல இருந்து ஜக்கார்டு அட்டை அடிக்கணும், எந்தப் பாவு இழையத் தூக்கணும்னு தறிக்குச் சொல்ற ஓட்டை போட்ட அட்டை, ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. நான் போட்டுட்டுப் போனத எமனேஸ்வரத்து அண்ணன் நெய்ஞ்சு காட்டுனாரு, பாத்தா பெட்டியோட சதுரம் எல்லாம் நீளவாக்குல இழுபட்டு கிடக்கு. அண்ணன்தான் சொன்னாரு, "நீ கட்டத்த எண்ணுறம்மா, நான் இழைய எண்ணுறேன், ஒரு இன்ச்சுக்கு பாவு இழை ஊடைய விட ஜாஸ்தி, உன் கட்டம் சதுரமா இருந்தா துணியில சதுரம் வராது"ன்னு. நாலு வருஷத்துல நான் படிச்சதுல பெரிய பாடம் அது. மறுபடி அந்த விகிதத்துக்கு கிராஃப் போட்டு, அட்டைய புதுசா அடிச்சு, ரெண்டாவது தடவை நெய்ஞ்சதுக்கு அண்ணன் கூலி வாங்கல. அண்ணி மதியம் சாப்பாடு போட்டுட்டே இருந்தாங்க. உங்க ரெண்டு பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

டிஸ்ப்ளே அன்னைக்கு சேலைக்குப் பக்கத்துல அந்தப் பெட்டியையும் வச்சேன், கீழ கார்டுல பின்னுனவங்க பேரு முதல்ல, நெய்ஞ்சவரு பேரு ரெண்டாவது, என் பேரு மூணாவது. ஒரு வயசான சார், அங்கேயே படிச்சு அங்கேயே வேலை பாத்தவராம், சேலைய விட்டுட்டு பெட்டியக் கையில எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பாத்துட்டு, இதப் பின்னுனவங்க எந்த ஊருன்னு கேட்டாரு. நம்ம ஊரு பேரச் சொன்னேன். எழுதி வச்சுக்கிட்டாரு.

ஹாஸ்டல்ல காய்ச்சல்ல கிடந்தப்போ பாத்துக்கிட்ட தோழிங்க, சாயம் போடச் சொல்லிக் குடுத்த லேப் அண்ணன், கிளாஸ்ல எங்களத் திட்டித் திட்டியே கண்ணத் திறந்த மேடம், மண்ணெண்ணெய் காசுல கூட எனக்கு பெயிண்ட் வாங்கி அனுப்புன அப்பா, எல்லாருக்கும் நன்றி.

பெரியம்மா, ஞாயித்துக்கிழமை வரேன். முதல் சேலை உங்களுக்குத்தான், ரெண்டாவது லாத்தாவுக்கு நெய்ஞ்சுட்டு இருக்கு. உங்க பெட்டியையும் கொண்டு வரேன், இழை எண்ணுறதுக்காக ஒரு மூலைய பிரிச்சுட்டேன், எவ்வளவு முயற்சி பண்ணியும் உங்க மாதிரி இறுக்கமா திரும்ப வரல. குருத்து ரெண்டு நனைச்சு வைங்க, வந்ததும் அந்த மூலைய நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும்.