அப்புச்சியின் படகுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு மாட்டுச்சாளையில், சோளத்தட்டுப் போருக்கு அடியில் பல வருடம் கவிழ்ந்து கிடந்த மரப்படகு போன வாரம் காவிரியில் இறங்கிவிட்டது. பதினான்கு மாத வேலை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. அதுவரை இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி அம்மிச்சிக்கு, அதாவது எங்கள் அம்மாவின் அம்மாவுக்கு. "பவானிசாகர் அணை கட்டி முடிச்சப்புறம் ஏலத்துல எடுத்தது கண்ணு, வெறகுக்குப் போட்டுறாதீங்க" என்று அவர் சொல்லாவிட்டால் படகே இல்லை. அணை வேலை முடிந்தது 1955இல். பரிசலே பார்த்துப் பழகிய எங்கள் ஊரில் இது என்ன படகென்று யாருக்கும் பிடிபடவில்லை. கேரளத்துப் படகு என்றுதான் பலர் சொன்னார்கள். கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல் கட்டும் தச்சர் ஒருவர் நாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு அப்போதே அழைத்தார். அவர்கள் பக்கத்துப் பழைய வள்ளத்தில் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்களாம். இதில் ஓட்டுக்கூரை மாதிரி ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி, செம்பு ஆணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்களின் இந்தக் கட்டுமுறைக்குக் கிளிங்கர் என்று பெயர் என்றார். முன்பின் தெரியாத எங்களுக்காக ஒரு மணி நேரம் பேசினார்.

எங்கள் ஆசாரி ஐயா பலகையை உளியால் லேசாகச் சீவி முகர்ந்து பார்த்தார். "தேக்கு தம்பி, வாசம் இன்னும் போகல." பலகைகள் பிழைத்தன. உள்ளே வளைந்து நிற்கும் விலாக்கட்டைகளில்தான் பதினொன்று ஒடிந்திருந்தன. தேக்கு அவ்வளவு வளையாது. ஹாக்கி மட்டை செய்யும் முசுக்கொட்டை மரம் வளையும் என்று தெரிந்ததும், கோபியில் பட்டுப்புழு வளர்க்கும் அண்ணன் வரப்போரத்தில் நின்ற பழைய மரத்தையே வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வளைக்க நீராவி வேண்டுமே? அதற்குத்தான் மாப்பிள்ளையின் மஞ்சள் வேகவைக்கும் மெஷின். மாசி மாதம், வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்களுக்கு விட்டார். பலகைப் பெட்டிக்குள் கட்டையை வைத்து ஆவி விட்டோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. எங்கள் முக்கால் அங்குலத்துக்கு முக்கால் மணி. எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள் வளைத்தாக வேண்டும். முதல் இரண்டும் படீரென்று ஒடிந்தன. மூன்றாவதை ஆசாரி ஐயா சாக்கைச் சுற்றிப் பிடித்து, முழங்காலால் மெல்ல அழுத்த, அது பனைநாராட்டம் படகின் வயிற்றோடு போய் ஒட்டிக்கொண்டது. யாருமே பேசவில்லை. அந்தக் கட்டைகளில் மஞ்சள் வாசம் இன்னும் இருக்கிறது.

ஆணிக்கு, கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் நண்பர் கனமான செம்புக் கம்பி தந்தார். அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மெத்தென்று ஆகிவிடும், சுத்தியலுக்குச் சொன்னபடி கேட்கும். ஆணி முனையில் மாட்டி இறுக்கும் வில்லைகளை லேத் பட்டறைத் தம்பி தகட்டிலிருந்து அடித்துக் கொடுத்தார்.

இடையில் ஒரு பட்டறையில், மேலே ஃபைபர் ஒட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்தது என்றார்கள். நாங்களும் ஏறக்குறைய சரி என்றுவிட்டோம். ஈரம் உள்ளேயே தங்கி மரம் மக்கிவிடும் என்று தடுத்தவர் பரிசல்கார அண்ணன். படகை இறக்கிய அன்று இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டபோதும் அவர்தான் தைரியம் சொன்னார்: "காஞ்ச மரம், தண்ணி குடிக்கட்டும். ஊறினா தானே மூடிக்கும். எதையும் வெச்சு அடைச்சிராதீங்க." இரண்டு ராத்திரி கரையிலேயே படுத்து, உள்ளே வந்த தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் படகுக்குள் ஒரு கை நீர்கூட இல்லை. அம்மிச்சியை உட்காரவைத்து பூலாம்பட்டிக் கரை வரை துடுப்புப் போட்டுப் போய் வந்தோம்.

ஆணியும் வில்லையும் நாற்பது ஜோடி மீதி இருக்கிறது. யார் வீட்டுச் சாளையிலாவது இதுபோல ஒன்று கிடந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.